மேகத்துக்குப் போன பந்தி

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஓர் ஆணிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதிலும் அவன் புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருந்தால் கணினிக்குக் கிட்டவும் விடக் கூடாது. அந்தக் காலத்தில் என்னிடம் வயதும் இருந்தது, கண்ணாடியும் இருந்தது.

சண்டை முடிந்து நாங்கள் வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டில் கல்வீடாகி, அப்பா மறுபடியும் வயல் விதைக்கத் தொடங்கியிருந்தார். எனக்கு மன்னாரில் ஒரு கந்தோரில் கணினியில் தரவு பதியும் வேலை. கிழமை நாட்களில் பள்ளிமுனையில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமை பஸ் பிடித்தால் வீடு. என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். என் அக்கா வதனியின் கலியாண வீடியோவும் அதற்குள்தான். ஸ்ரூடியோக்காரர் தந்த டிஸ்க்கை ஊரெல்லாம் இரவல் வாங்கிப் பார்த்துக் கீறி முடித்து, கடைசியில் அது யாருடைய வயலிலோ குருவி கலைக்கக் கட்டித் தொங்கியது. (உண்மையாகத்தான். வெயிலில் நன்றாக மினுங்கியது.)

ஒரு நாள் மடிக்கணினி வயிற்றுக்குள் பல்லி இருப்பதுபோல டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பஜாரில் திருத்துகிற கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார்.

"தம்பி, ஹாட் டிஸ்க் போகப் போகுது. தேவையானதுகளை வேற எதிலயாவது ஏத்துங்கோ. வெளியில பூட்டுற டிஸ்க் இருக்கு, தரட்டோ?"

"தேவையில்லை அண்ணை. நான் கிளவுட்டில போடுறன்" என்றேன், வானத்தில் எனக்குப் பரம்பரைக் காணி இருப்பதுபோல. கந்தோரில் அதைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. பாதி விளங்கியிருந்தது. அறிவாளியாக நடந்துகொள்ளப் பாதியே போதும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன்.

"அப்ப அதுகளை எங்க வைக்கப் போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"இன்ரநெற்றில அம்மா. எங்கயோ தூர தேசத்தில பெரிய பெரிய மெசினுகள் இருக்கு. அதுக்குள்ள கிடக்கும். லப்டொப் உடைஞ்சாலும், வீடே எரிஞ்சாலும் அழியாது."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "திருப்பி ஓட வேண்டி வந்தாலும்?"

"வெறுங்கையோட ஓடலாம்."

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் ஓடிய ஓட்டத்தில் அவருடைய கலியாணப் படம், எங்கள் சின்ன வயதுப் படங்கள், எல்லாம் ஒரு பொலித்தீன் பையோடு ஒரு பங்கருக்குள் விடுபட்டுப் போயின. நான் குழந்தையாக இருக்கும்போது வடிவாக இருந்தேன் என்பதற்கு இன்றுவரை அம்மாவின் வாய்வார்த்தை மட்டும்தான் ஆதாரம். ஒவ்வொரு இடமாக மாறும்போதும் எதைத் தூக்குவது, எதைப் போடுவது என்று யோசித்தே களைத்துப்போன மனுசி. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, திரை விலகிய மூலஸ்தானத்தைப் பார்ப்பதுபோல அந்த மினுங்குகிற பெட்டியைப் பார்த்தார். எட்டிப் பார்க்க வந்த அப்பாவை, "தொடாமல் நில்லுங்கோ" என்று ஒதுக்கினார்.

"அப்ப எல்லாத்தையும் போடு" என்றார் என்னிடம்.

"எல்லாம் போடேலாது அம்மா. சும்மா தாறது கொஞ்ச இடந்தான். தெரிஞ்செடுக்கோணும்."

"வயல் பெர்மிற்றைப் போடு" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "லான்ட்மாஸ்ரரையும் போடு" என்றார். அது அவருடைய இரண்டு சில்லு உழவு இயந்திரம். வீட்டுக்கு வந்த நாளில் அது புகைவிட்டுக் கிளம்புவதை நான் வீடியோ எடுத்திருந்தேன்.

முருங்கனில் கலியாணம் முடித்திருந்த அக்கா போனில் ஒரே பிடியாக நின்றார். "வேற என்னத்தையும் விடு. நான் கேக்கேல்லை. தாலி கட்டுறது கட்டாயம் இருக்கோணும். குகன் அண்ணை வந்தால் காட்டோணும்."

குகன் அண்ணை அத்தானின் மூத்த தமையன். இளவயதில் பிரான்சுக்குப் போனவர். அங்கே வதிவிடப் பேப்பர் கிடைக்காததால் தம்பியின் கலியாணத்துக்கு வர முடியவில்லை. கலியாணம் முடிந்து சில மாதங்களில் அவர்களுடைய அப்பா, அதாவது அக்காவின் மாமா, காலமாகிவிட்டார். அதற்கும் வர முடியவில்லை. அவர் என்றைக்காவது வந்து பார்ப்பதற்கென்று இருந்தது அந்த வீடியோ ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனை அறையில், கடற்பக்க ஜன்னலோரம் (அந்தக் கரையில்தான் சிக்னல் உலாவும்), தெரிவு செய்ய உட்கார்ந்தேன். பெர்மிற் ஏறியது. லான்ட்மாஸ்ரர் ஏறியது. பிறகு மன்னார்ப் பாலத்தில் நான் கறுப்புக் கண்ணாடியோடு எடுத்த படங்களுக்கு வந்தேன். இடப்பக்கம் சாய்ந்த நான். வலப்பக்கம் சாய்ந்த நான். கழுதையோடு நான். (கண்ணாடி இல்லாமலேயே கழுதைதான் வடிவாக இருந்தது.) ஒன்றையும் விட மனம் வரவில்லை. என் முகத்தை வருங்காலம் தவறவிட்டுவிடக் கூடாதே! அவ்வளவும் ஏறின. அடுத்து, வேலைக்கு விண்ணப்பிக்க எழுதிய சுயவிவரம், அதன் திருத்தம், திருத்தத்தின் திருத்தம்.

கடைசியில் பார்த்தால், கலியாண வீடியோவில் ஒரு துண்டுக்கு மட்டுந்தான் இடம் மிச்சம். வீடியோ பல துண்டாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், வாலில் இருக்கிற இலக்கம் மட்டும் வேறு. போட்டுப் பார்த்தேன். மூன்றாவதில் தாலி. அதற்குப் பிறகு வருவது முழுக்கப் பந்தி, ஆட்கள் வரிசையாக இருந்து சாப்பிடுகிறார்கள். "உதை ஆர் பாக்கிறது?" என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாவதைத் தெரிந்தெடுத்து ஏற்றிவிட்டேன்.

ஏற்றுகிற பெட்டிக்குள் கோப்புகள் இலக்கப்படி அல்ல, பருமன்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது எனக்குத் தெரியாது. மேலிருந்து எண்ணி மூன்றாவதை அழுத்தினேன். காலைப் பூசை மணிக்குத் தொடங்கியது, கடல் சிவக்கும்வரை ஏறியது. பச்சை அடையாளம் விழுந்தபோது மெய் சிலிர்த்தது. எங்கள் ஊரில் நடந்த ஒரு கலியாணம் கடல், மலை எல்லாம் தாண்டி எங்கேயோ போய்ப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது! திறந்து சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நாளில் டிக் டிக் நின்றது. மடிக்கணினியும் நின்றது. நான் கவலைப்படவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போயிருக்கும். குகன் அண்ணைக்குப் பேப்பர் கிடைத்து, முருங்கனுக்கு வந்து சேர்ந்தார். நரைத்த தாடி, அமைதியான மனுசன். அக்கா வீட்டு விறாந்தையில் எங்கள் அம்மா அப்பாவோடு அயலவர்களும் கூடிவிட்டார்கள். மாமா இறந்த பிறகு எங்கும் அதிகம் போகாத மாமியும் முன் கதிரையில் வந்து இருந்தார். சுவரில் மாமாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். நான் கந்தோர்க் கணினியை ரீவியில் பூட்டி, ஒரு சிறு சொற்பொழிவும் நிகழ்த்தினேன்.

"இப்ப நீங்கள் பாக்கப்போறது இஞ்ச இல்லை. ஆகாயத்தில இருந்து வருது!"

எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். திரையில் ஒரு வாழையிலை தெரிந்தது. அதில் ஒரு வடை.

"தாலி எங்கயடா?" என்று அக்கா காதுக்குள் கேட்டார்.

"வரும் அக்கா, பொறுங்கோ."

ஒரு கை சோற்றைக் குழைத்தது. இன்னொரு கை வாயை மறைத்தது. கமராவின் வெளிச்சம் பந்தியின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு ஊர்ந்து போக, ஒவ்வொருவராகக் குனிந்து ஒளித்தார்கள். என் அப்பா அப்பளத்தோடு மல்லுக்கட்டினார். அக்கா என் தொடையில் நுள்ளத் தொடங்கினார். எனக்குக் காது சுட்டது. ஆகாயத்தின் வேறு மூலையில் தாலி இருக்குமோ என்று அங்கும் இங்கும் அழுத்திப் பார்த்தேன். என் படங்கள்தான் வந்தன. முருங்கன் முழுவதும் என்னைக் கழுதையோடு பார்த்தது. அவசரமாகப் பந்திக்கே திரும்பினேன்.

"தம்பி, இதுதானோ கலியாணம்?" என்று பின்னுக்கிருந்து ஒருவர் கேட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

அப்போதுதான் திரையில் மாமா வந்தார்.

மற்றத் துண்டுகளுக்கெல்லாம் ஸ்ரூடியோக்காரர் சினிமாப் பாட்டுப் போட்டு, பூ விழுத்தி, மூலச் சத்தத்தை அழித்திருந்தார். பந்தியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவரும் என்னைப்போலவே நினைத்து, இதைத் தொடாமல் விட்டிருக்கிறார். ஆகவே மாமாவின் குரல் அப்படியே கேட்டது. பாயாச வாளியோடு வந்தவரை அவர் கண்ணால் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். எங்கட ஆள் எங்க நிக்கிறா?"

"அங்கால, கறிச்சட்டிக்குப் பக்கத்தில ஐயா."

"அப்ப ஊத்தும். இன்னும். பயப்பிடாமல் ஊத்தும்."

இலையில் பாயாசம் ஓட, அதற்குள் அப்பளத்தை நொறுக்கி, வழித்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது முன்னால் கமரா.

"ஐயோ, உதை எடுக்காதை தம்பி! மனுசி கண்டால் துலைஞ்சன்!"

விறாந்தையில் மாமி கதிரையை விட்டு எழும்பியிருந்தார்.

"பாத்தியளோ இந்தாளை!" என்று ரீவியை நோக்கிக் கையை நீட்டினார். "எனக்கு முன்னால சீனியில்லாத் தேத்தண்ணி குடிச்சுக் காட்டின ஆள்! டொக்டரிட்டச் சொல்லுறன் பாருங்கோ!"

சிரிப்பு வெடித்தது. குகன் அண்ணையும் சிரித்தார். "எனக்கும் போனில அப்பிடித்தானே சொன்னவர், அம்மா. சீனியைக் கண்ணாலயும் பாக்கிறேல்லையாம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தால் என்னைப் பார்த்து, "தம்பி, ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ. அந்தக் கண்ணை மூடுற இடம்" என்றார்.

விட்டேன். திரும்பவும் விட்டேன். ஒவ்வொரு முறையும் மாமா புதிதாகக் கள்ளம் செய்தார், மாமி புதிதாகப் பேசினார். பிறகு அம்மா, "அங்க, அந்தக் கடைசித் தொங்கலில நிப்பாட்டு" என்றார். ஓடிய ஓட்டத்தில் திசைக்கொன்றாகப் போன சனம் அத்தனையும் அந்தப் பந்தியில் ஒரே வரிசையில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா ரீவிக்குக் கிட்டப் போய், கண்ணாடியில் விரல் படாமல், ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார். நான் கலியாணத்தில் நின்றவன், வீடியோவைப் பலமுறை பார்த்தவன். ஒருவரையும் பார்த்திருக்கவில்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் அத்தான் இப்போதும், "நான் தாலி கட்டினதுக்கு வீடியோ இருக்கோ?" என்று கேட்பார். "நீங்கள் மூண்டு வடை திண்டதுக்கு இருக்கு" என்பார் அக்கா.

என் கலியாணத்துக்கு அக்காதான் வீடியோக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இவன்ர தாலியை விட்டாலும் பறவாயில்லை, பந்தியில ஒரு ஆளையும் விடக்கூடாது." கமரா வந்தபோது வழக்கம்போல எல்லோரும் குனிந்தார்கள். மாமி மட்டும் நிமிர்ந்தார். மாமாவுக்கு இருந்த சீனி வருத்தம் அதற்குள் அவருக்கும் வந்திருந்தது. பாயாச வாளியை மறித்து நிறுத்தி, இலையை ஒதுக்கி, நிறைய ஊற்றுவித்தார். பிறகு கமராவை நேராகப் பார்த்து, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

"வடிவாப் பாருங்கோ. நான் ஒளிச்சுக் குடிக்கேல்லை."