தூக்குவாளித் தீர்ப்பு

இனிமேல் என் வீட்டில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிட்டு அதற்குச் சாப்பாடு என்று யாரும் பேர் வைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாயில் போட்ட கவளத்தை விழுங்குவதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தபோது இந்த முடிவுக்கு வந்தேன். முடிவு எடுத்தால் அறிவிக்க வேண்டும். வாயில் கவளத்தோடு அறிவிக்க முடியாது என்பதால் முதலில் விழுங்கினேன். அங்கேயே எனக்குப் பாதி தோல்வி.

நான் தண்டாயுதபாணி. திண்டுக்கல் நாகல் நகரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூடியிருக்கிற எதையும் கழற்றிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஓடாத மிக்ஸியைக் கழற்றினால் கூலி கிடைக்கும். ஓடுகிற மிக்ஸியையும் கழற்றுவேன். அது எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா? அப்படிக் கழற்றியதில் மறுபடி ஒன்று சேராதவை எல்லாம் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தன. மோட்டார், பிளேடு, மூடி இல்லாத ஜார், ஜார் இல்லாத மூடி. பார்க்கிறவர்களுக்கு அது காயலான் கடை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரேடியோவைத் திருகிவிட்டால் எனக்கு அதுதான் சொர்க்கம். இந்த உலகத்தில் என்னை யாரும் ஏன் எதற்கு என்று கேட்காத ஒரே இடம்.

என் மனைவி அம்பிகா சின்னாளபட்டிக்காரி. பிறந்த வீட்டுச் சுங்குடிச் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு விற்க ஆரம்பித்தாள். பொழுதுபோகட்டும் என்று நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இப்போது அவளுக்குப் பொழுதே போதவில்லை. சேலைக் கட்டுகள் முதலில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அப்புறம் பிரிட்ஜ் மேல் ஏறின. கடைசியில் கட்டிலில் நான் படுக்கிற பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. சமைக்க நேரமில்லாமல், திருச்சி ரோட்டு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பாக்கெட் மாவு, பாதி வெந்த பரோட்டா, சாம்பார் மிக்ஸ், பாட்டிலில் அடைத்த குழம்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது வத்தக்குழம்பு பேஸ்ட். சுடுதண்ணீர் ஊற்றினால் வத்தக்குழம்பு. ஊற்றாவிட்டால் ஷூவுக்குப் போடலாம்.

"இது என்ன குழம்பு?"

"வத்தக்குழம்பு. பாட்டில்ல எழுதிருக்குல்ல."

"எழுதிருக்கு. என் நாக்குக்குப் படிக்கத் தெரியலையே."

"ஊர் மிக்ஸிய எல்லாம் ரிப்பேர் பாக்குறீங்க. ஒரு குழம்ப ரிப்பேர் பாக்க முடியாதா?"

இதைக் கேட்டதும் கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ ஆசை வந்துவிட்டது. அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதுவும் யாரோ செய்து மூடி போட்டு அனுப்பியதுதானே. இதில் எது குறைகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்தால் தெரியாமலா போகும்? அதே பாக்கெட், அதே பாட்டில், ஆனால் வீட்டுச் சாப்பாடு கணக்காய் ஆக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்பிகா சேலை மடிப்பதை நிறுத்தினாள். அவள் சேலை மடிப்பதை நிறுத்தினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பந்தயம் என்றாள். சரி என்றேன். யார் தீர்ப்புச் சொல்வது என்று பேச்சு வந்தது. என் நாக்கை அவள் நம்பவில்லை, அவள் நாக்கை நான் நம்பவில்லை. அப்போது அவள்தான் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி அக்காவைச் சொன்னாள். அக்கா வீட்டுக்காரர் கிதர் முகம்மதுக்குத் தோல் வியாபாரம். அக்காவுக்குக் கைப்பக்குவம். அவர்கள் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் நான் சோறு போடச் சொல்வேன்.

அக்காவிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாருக்கு தம்பி என்றுதான் சொல்வார். அவ்வளவு நல்ல மனசு. ஆனால் வாளி பொய் சொல்லாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது கொடுத்துவிட்டால் அதை வெறுமனே திருப்பக் கூடாது. கொடுத்தது சுமார் என்றால் ஒரு கை சர்க்கரை போட்டு வரும். பரவாயில்லை என்றால் பழம் வரும். உண்மையிலேயே பிடித்துவிட்டால், அடுப்பு பற்றவைத்து ஏதாவது செய்து அனுப்புவார்கள். எங்கள் தூக்குவாளியில் நான் செய்ததை அனுப்புவது, செய்தது நான் என்றும் பாக்கெட் என்றும் மூச்சு விடாமல் இருப்பது, திரும்பி வருகிற வாளியைத் திறந்து தீர்ப்பைத் தெரிந்துகொள்வது, மூன்று தடவையில் ஒரு தடவையாவது அடுப்பில் செய்தது வந்தால் நான் ஜெயித்ததாக வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

"நான் தோத்தா?"

"பின்னாடி ரூம என் சேலைக்கு விட்டுரணும்."

போயும் போயும் என் சொர்க்கத்தையா கேட்கிறாள்? வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா உங்க சாமான் இருக்குற ரூம் பக்கம் நான் இந்தச் சென்மத்துல தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். என் சுங்குடி மேல சத்தியம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எழுத்து பிசகாமல் சொன்னாள். எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மறுநாளிலிருந்து கடையை நேரத்தோடு சாத்திவிட்டு அடுப்படியில் நுழைந்தேன். நான் கண்டுபிடித்தவற்றைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாக்கெட் மாவு கெட்ட மாவு இல்லை, தூங்குகிற மாவு. பிரிட்ஜிலிருந்து எடுத்துச் செத்த நேரம் வெளியே வைத்து, வெந்தயப் பொடி ஒரு சிட்டிகை போட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பாதி வெந்த பரோட்டாவைச் சுட்டு அப்படியே தட்டில் போட்டால் அட்டை. சுட்ட சூட்டோடு நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடித்தால் பூப்பூவாகப் பிரியும். கை வெந்துபோகும், அது வேறு விஷயம். ஒவ்வொன்றைக் கண்டுபிடித்தபோதும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அம்பிகாவும் பக்கத்தில் வந்து நின்று கேள்வி கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் மோட்டார்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது, சிட்டிகை வெந்தயம் அரைக்கப் பெரிய மிக்ஸி எதற்கு, பின்னாடி ஒரு சின்ன மோட்டார் கிடக்குமே என்றாள். எடுத்து வந்தேன். ஆட்டுரல் கணக்காய் மெதுவாக ஓடுகிற மோட்டார் இருக்குமே என்றாள். அதையும் தூக்கி வந்தேன். ஸ்பேனருக்கு ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஓடினால் கால் வலிக்காதா என்றாள். பெட்டியோடு கொண்டுவந்தேன். வறுத்து அரைத்த பொடிகளைப் போட்டு வைக்க மூடி உள்ள ஜார்கள் வந்தன. நிற்க முடியாமல் ஸ்டூல் வந்தது. ஸ்டூல் வந்ததும் ரேடியோ இல்லாமல் எப்படி? அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள், அப்புறம் இன்னொரு தட்டு. கட்டினால் இப்படி ஒரு பெண்ணைக் கட்ட வேண்டும் என்று நெகிழ்ந்துபோனேன்.

முதலில் சாம்பார் மிக்ஸ். முருங்கைக்காய் போட்டு, நெய்யில் பெருங்காயம் தாளித்து அனுப்பினேன். சாயங்காலம் அக்காவின் மருமகள் பாஸிலா வாளியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்பிகா மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அடியில் வெள்ளை வெளேரென்று சர்க்கரை. மேலே என்னென்னவோ சேர்த்தேனே ஒழிய, சாம்பாருக்கு வெங்காயம் பத்தவில்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. சின்ன வெங்காயச் சந்தை உள்ள ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு பிழை.

அடுத்தது தக்காளி சாதப் பேஸ்ட். இந்தத் தடவை பேஸ்டைப் பாதியாகக் குறைத்து, வெங்காயமும் புதினாவும் வதக்கிச் சேர்த்தேன். வாளியில் ஆயக்குடிக் கொய்யா வந்தது. இது வெற்றிதான் என்று நான் வாதாடினேன். கொய்யா மரத்தில் காய்த்தது, அதற்கு யார் அடுப்பு பற்றவைத்தார்கள் என்று அம்பிகா கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒன்றைக் கடித்தாள். ஆனாலும் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. நான் ஜெயித்துவிடுவேனோ என்ற பயம் என்று நினைத்தேன்.

கடைசியாக அந்த வத்தக்குழம்பு. சண்டை தொடங்கியதே அதில்தானே. பேஸ்டைத் துளி நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். முதலில் உப்பு வந்தது. அடுத்துப் புளிப்பு வந்தது. மூன்றாவதாக ருசி வர வேண்டும், வரவில்லை. யோசித்தேன். கெடாமல் இருக்க வேண்டும் என்று உப்பையும் புளியையும் தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அதற்கு நான் சேர்க்க வேண்டியது காரமோ உப்போ இல்லை. இரண்டையும் வாங்கிக்கொள்கிற ஆள் வேண்டும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகப் போட்டுக் குழையும் வரை வதக்கினேன். உப்பே போடவில்லை. மல்லி, துவரம்பருப்பு, வெந்தயம் வறுத்து, மெதுவாக ஓடுகிற மோட்டாரில் அரைத்துக் கரைத்து ஊற்றினேன். கடைசியில் வெல்லம் ஒரு துண்டு. எண்ணெய் மேலே மிதந்தபோது எழுந்த வாசத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

வாளி போய்விட்டது. நான் கடைக்குப் போகவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்பிகாவும் போனைத் தொடாமல் வாசலையே பார்த்தாள். சாயங்காலம் பாஸிலா வந்தாள். ஒரு கையில் எங்கள் வாளி. இன்னொரு கையில் அவர்கள் வீட்டுப் பெரிய தூக்குச்சட்டி.

"ஆன்ட்டி, வாளி பத்தல, அதான் மாமி எங்க சட்டியிலயும் ஊத்திக் குடுத்தாங்க. மாமா ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்ட்டாரு. அந்தக் குழம்புக்குப் பக்குவம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மூடியைத் திறந்தேன். ஆவி பறக்கிற தால்சா. வாளி நிறைய, சட்டி நிறைய, எலும்பும் கத்தரிக்காயும் மாங்காயுமாக.

ஜெயித்தேன். பாஸிலா போனதும் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். அம்பிகா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன் என்று வாயாரச் சொன்னாள். இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட எனக்கு ஒரே இடம்தான் உண்டு. ரேடியோ அடுப்படிக்கு வந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத பின்பக்க அறைக் கதவைத் திறந்தேன்.

சுவர் நெடுகச் சேலை. மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை. தரை பளிச்சென்று துடைத்திருந்தது. அந்த அறைக்கு இப்படி ஒரு தரை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அம்பிகா, என் சாமானெல்லாம் எங்க?"

"நீங்கதானே ஒன்னொன்னா தூக்கிட்டுப் போய் அடுப்படில வச்சீங்க. மிச்சம் கெடந்த அட்டப்பெட்டிய மட்டும் நேத்து, நீங்க கடையில இருக்கையில, நான் கொண்டுபோயி உங்க சாமானோட சாமானா வச்சேன்."

"பந்தயத்துல நாந்தான ஜெயிச்சேன்?"

"ஆமா. உங்க சாமான் இருக்குற ரூம் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு சொன்னேன்ல. இனிமே அடுப்படிப் பக்கம் வர மாட்டேன். சொன்ன சொல்லு தவற மாட்டேன்."

திரும்பி அடுப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

"தோத்திருந்தா?"

"தோத்திருந்தா இந்த ரூம் மட்டும்தான் எனக்கு. அடுப்படி என் தலையிலேயே இருந்திருக்கும். கொய்யா வந்த அன்னைக்கு எம்புட்டுக் கவலைப்பட்டேன் தெரியுமா? இன்னைக்கு நீங்க ஜெயிக்கணும்னு சாமிக்கு வேண்டிக்கிட்டுல்ல இருந்தேன்."

மறுநாள் காலையில் என் ஸ்டூலில், என் ரேடியோவுக்குப் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்பக்க அறையிலிருந்து குரல் வந்தது. காப்பி ஆயிற்றா என்று கேட்டது. கையோடு ஜெய்தூன் அக்கா சட்டியையும் நிரப்பி அனுப்பச் சொன்னது. வெறுமனே திருப்பக் கூடாதாம்.

ஒரு கை சர்க்கரை போட்டு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். தாராளமாக அனுப்புங்கள், ஆனால் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பதில் வந்தது.