மின்சாரத்திடமிருந்து ஒரு மெஷினைக் காத்த வரலாறு

மனித குலம் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்த செல்வங்களில் முதலாவது நெருப்பு. இரண்டாவது விதைநெல். மூன்றாவது என் வீட்டு உள்ளறையில் இருந்தது. முதல் இரண்டையும் காத்தவர்கள் யார் யார் என்று வரலாற்றில் குறிப்பு எதுவும் இல்லை. அதே அநீதி மூன்றாவதற்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

நான் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருப்பவன். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதி வருகிறேன். பக்கத்து மேசைக்காரருக்கு அலுவலகத்தில் 'கிராஃப்' என்று பெயர். எதைப் பற்றிப் பேசினாலும் கையைக் கீழிருந்து மேலாக ஒரு வளைவு வளைத்துக் காட்டுவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கை என் பக்கமாக வளைந்தது.

"கிரிப்டோ தெரியுமா? வீட்ல ஒரு மெஷின் வச்சா போதும். அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். விடை வந்தா நமக்கு நாணயம்."

"யார் குடுத்த கணக்கு?"

"யாரும் குடுக்கலை. உலகம் பூரா மெஷினுங்க போட்டி போட்டுக்கிட்டுப் போடுது."

"விடையை வச்சு என்ன செய்வாங்க?"

"அடுத்த கணக்கைப் போடுவாங்க."

ஒரு கோப்பு எதற்கு என்றால் அடுத்த கோப்புக்கு என்று அறிந்தவன் நான். இந்த உயர்ந்த தத்துவம் எனக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. கணக்குப் போடுவதற்கான எட்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, அலுமினியச் சட்டத்தில் வரிசையாக மாட்டி, உள்ளறையில் பிரதிஷ்டை செய்தேன். கார்டுக்கு மூன்று விசிறி. இருபத்துநான்கும் சேர்ந்து சுழலும்போது அறைக்குள் விமானம் கிளம்புவது போலிருக்கும். கிளம்பத்தான் கிளம்பாது.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதற்கும் ஓர் அளவு இருக்கிறது என்று நம்புகிறவள். வாசலில் நின்று மெஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"நாணயம் தோண்டி எடுக்கும்."

"நாணயம் மனுஷன்கிட்ட இருக்கணும்னு சொல்வாங்க. உங்களுக்குத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கா?"

வருங்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றி நிகழ்காலத்தில் இருப்பவர்களிடம் விவாதிக்கக் கூடாது என்று ஸ்விட்சைப் போட்டேன்.

எங்கள் தெரு மின்கம்பியின் கடைசித் தெரு. மின்சாரம் எல்லாத் தெருவையும் சுற்றிவிட்டு, களைத்துப்போய்த்தான் எங்களிடம் வந்து சேரும். மெஷின் வந்த முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் விளக்குகள் மஞ்சளாகின. மெஷின் ஒருமுறை விக்கி, அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. என் நெஞ்சும் அவ்வாறே விக்கியது. ஆனால் அத்தனை சீக்கிரம் எழவில்லை.

மறுநாளே மின்சாதனக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெரிய ஸ்டெபிலைசரைத் தட்டிக் காட்டினார்.

"வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் இது ஏத்திக் குடுத்துடும் சார்."

"கரண்ட்டே போயிட்டா?"

"அதுக்கு யுபிஎஸ்."

"யுபிஎஸ்ல பேட்டரி தீர்ந்துட்டா?"

"ரெண்டு பேட்டரி சேர்த்து வச்சுக்கலாம்."

"இடி மின்னல்?"

"நல்லா எர்த் போட்டுக்கணும் சார். அது இல்லாம மத்தது எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

இத்தனை தூரம் முன்யோசனையோடு என்னைப் பற்றிக் கவலைப்பட்டவர் அதுவரை யாருமில்லை. எல்லாவற்றையும் வாங்கினேன். பெட்டிகள் சேர்ந்து கக்கிய சூட்டில் மெஷின் வாடுவதைப் பார்த்து ஏசியும் வாங்கினேன். எர்த்துக்காக வாசலில் குழி தோண்டி, கம்பியை இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

"செடிக்கு ஒரு சொம்பு ஊத்தச் சொன்னா இடுப்புப் பிடிச்சுக்கும்," என்றாள் மனைவி. "மாப்பிள்ளைக்குன்னா குடம் குடமா ஊத்துவீங்க." மெஷினுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வேலை சொன்னாலும் செய்யாமல், எந்நேரமும் உபசாரம் எதிர்பார்ப்பதால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. கூடத்தில் வியர்வை வழிய மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து இருபத்துநான்கு விசிறிகளின் ஓசை இனிமையாக வந்தது.

"அந்தப் பெட்டியில இருந்து ஒரே ஒரு ஃபேனுக்கு லைன் குடுங்களேன்."

"கூடாது. அது வடிகட்டின சுத்தமான மின்சாரம்."

"அப்ப நாங்க அழுக்கா?"

மறுநாள் முதல் அவள் காய்கறியை உள்ளறையில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். அங்குதான் காற்று வந்தது. மெஷின்மேல் தக்காளிச் சாறு தெறிக்கும் அபாயத்தை எழுத்துமூலம் சுட்டிக்காட்டினேன். அவள் அந்தத் தாளின் மேல் கத்தரிக்காய்க் காம்புகளைக் குவித்தாள்.

இவ்வாறு என் மெஷின் சகல ஆபத்துகளிலிருந்தும் காக்கப்பட்டது. தெருவின் நிலைமையோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. விளக்குகள் அகல்விளக்குகளாயின. ஃபிரிட்ஜுகள் இருமின. என்னைப் போல முன்யோசனை இல்லாத மக்களை எண்ணி மிகவும் வருந்தினேன்.

பக்கத்து வீட்டில் தையல்கார அக்கா இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அவருக்கு. மோட்டார் வைத்த மெஷின் இரண்டு. அதில் ஒன்றின் மோட்டார் ஒரு மாதம் முன்பு கருகியது. மற்றதும் கருகிய அன்று, அந்த வாடையோடேயே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வோல்டேஜ் கம்மியானா மோட்டார் திணறிச் சூடாகிடுதாம் தம்பி. பள்ளிக்கூடம் தொறக்கப் பத்து நாள்தான் இருக்கு. நூத்தி நாப்பது சட்டை பாக்கி. நீங்க புகார் ஆபீஸ்ல இருக்கிறவரு. மின்சார ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்களேன்."

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புகாரை எழுதும் பக்கத்தில் அமர்ந்தேன். தெருவின் மின்சாரத்தை யாரோ திருட்டுத்தனமாக உறிஞ்சுகிறார்கள் என்பது தெருவில் பொதுவான கருத்து. அவன் எப்படி இருப்பான் என்று கண்ணை மூடி யோசித்தேன். உருவம் ஆச்சரியமான தெளிவுடன் வந்தது. எழுதினேன்:

'அண்டை அயலாரின் நலனைச் சற்றும் எண்ணாது, குளிரூட்டிய அறையில் அமர்ந்து, அல்லும் பகலும் இத்தெருவின் மின்சாரத்தை அட்டை போல் உறிஞ்சி, அதனால் பிறருக்கு விளையும் இருளைக் கண்டும் காணாதிருக்கும் ஒரு பேராசைக்காரரைக் கண்டறிந்து…'

வாசித்துக் காட்டியதும் அக்கா கண் கலங்கினார். "நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு தம்பி," என்றார். முதல் கையெழுத்து என்னுடையது.

எங்கள் அலுவலகத்தைப் போலல்லாமல், மின்சார அலுவலகத்தில் மனுக்களைப் படிக்கும் தீய பழக்கம் இருந்திருக்கிறது. நான்காம் நாள் பிற்பகல் லைன்மேன் வந்துவிட்டார். மனுதாரர் என்ற முறையில் நான்தான் ஏணியைப் பிடித்தேன். வாயைத் திறந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும் ஒரு மீட்டரை ஒவ்வொரு வீட்டுக் கம்பியாக மாட்டி, மேலிருந்தபடியே அளவைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது ரெண்டு ஆம்பியர். இது மூணு. இது ஒண்ணுகூட இல்ல."

"அது தையல்கார அக்கா வீடு. மோட்டார் கருகிடுச்சு."

"இந்தக் கம்பி யார் வீடு சார்?"

"ஏன், அதுல ஏதாவது குறை தெரியுதா?"

"குறையே இல்ல சார். ரொம்ப நிறைவா இருக்கு. இருபத்தாறு ஆம்பியர்."

ஏணி கொஞ்சம் ஆடியது. "பிடிச்சுக்குங்க சார்," என்றார் அவர் மேலிருந்து. யாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்று தெரியவில்லை.

இறங்கி வந்தவரை உள்ளறைக்கு அழைத்துப் போனேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டெபிலைசர் மேல் கை வைத்து, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் பாதுகாப்புக்கு," என்றேன். "வோல்டேஜ் இறங்கினா இது ஏத்திக் குடுக்கும்."

"எங்க இருந்து ஏத்தும் சார்? அதுக்குள்ள என்ன கரண்ட் விளையுதா? வெளியில வோல்டேஜ் இறங்க இறங்க, கம்பியில இருந்து அதிகமா இழுத்து உங்களுக்குச் சரிபண்ணிக் குடுக்குது. நீங்க இழுக்க இழுக்க அடுத்த வீட்ல இன்னும் இறங்குது. கரண்ட் போயிட்டு வந்ததும் இந்த பேட்டரி எல்லாம் வேற சேர்ந்து இழுக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க ஆபீஸ்ல, தெருக்குழாய்ல மோட்டார் வச்சு உறிஞ்சுறவங்களை என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வன்மையாகக் கண்டித்து நோட்டீஸ் அனுப்புவோம்."

"யாரு எழுதுவா?"

"நான்தான்."

அவர் தன் நோட்டைப் பிரித்தார். "இன்னிக்கே நிறுத்திடுங்க. 'ஒரு இணைப்பில் அதிகப் பளு, சரிசெய்யப்பட்டது'ன்னு எழுதிக்கிறேன்," என்றார். அறை வாசலில் நின்றிருந்த என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

மெஷினை நிறுத்தினேன். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வீட்டில் இத்தனை அமைதி இருந்ததையே மறந்திருந்தேன். அந்த அமைதியில், பக்கத்து வீட்டிலிருந்து எப்போதும் வரும் தையல் சத்தம் வரவில்லை என்பது கேட்டது. நல்ல ஸ்டெபிலைசர் என்பது இதுதான். பக்கத்து வீட்டில் ஒரு பிழைப்பு நின்றுபோனதைக்கூட உள்ளே கேட்கவிடாது.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து இரண்டு முறை போனேன். முதல் முறை வாசலிலிருந்தே திரும்பினேன். இரண்டாம் முறை உள்ளே போனபோது, அவர் பல்லில் நூலைக் கடித்தபடி ஒரு சட்டைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். வாயில் நூல் இருப்பவரிடம் முக்கியமான விஷயம் பேசுவது மரியாதை அல்ல. "இப்ப வோல்டேஜ் எப்படிக்கா?" என்று மட்டும் கேட்டேன். நூலை எடுக்காமலே தலையாட்டினார். நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வோல்டேஜ் உண்மையிலேயே நன்றாகிவிட்டது. தெருவே பளிச்சென்று எரிந்தது. மனு எழுதி நாலே நாளில் காரியம் சாதித்த எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்துவது என்று தெருச் சங்கம் முடிவு செய்தது. தலைவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். தீர்மானங்களை நல்ல தமிழில் எழுதித் தரும்படி என்னையே கேட்டார். மறுத்தால் சந்தேகம் வரும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம்.

"எல்லாரும் உட்காருங்க! நிமிர்ந்து உட்காருங்க!" என்று தொடங்கி, கணீரென்று வாசித்தார். "தீர்மானம் ஒன்று! நம் தெருவின் மின்சாரத்தை உறிஞ்சிய பெயர் தெரியாத சுயநலக்காரருக்கு இக்கூட்டம் வன்மையான கண்டனத்தைத் தெரிவிக்கிறது! தீர்மானம் இரண்டு! அவரை அடக்கிய நமது மனுதாரருக்கு மனமார்ந்த பாராட்டைத் தெரிவிக்கிறது! கை தட்டலாம்!"

தட்டினார்கள். நானும் தட்டினேன், முதல் தீர்மானத்துக்கு மட்டும்.

"நினைவுப் பரிசை அக்கா குடுப்பாங்க!"

அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தேன். சாம்பல் நிறத் துணியில், பெட்டி போன்ற ஓர் உறை. பின்பக்கம் ஒயர் வெளியே வர இரண்டு ஓட்டைகள், ஓரம் மடித்துத் தைத்தவை.

"என்னக்கா இது, டிவிக்கா?" என்றார் தலைவர்.

"இல்லை தலைவரே. தம்பி வீட்ல ஒரு மெஷின் இருக்கு. எட்டு கார்டு, இருபத்துநாலு ஃபேன். இப்பச் சும்மா நிக்குதாம். தூசி படக் கூடாதுல்ல? தங்கச்சிதான் அளவு குடுத்துச்சு. மூணடி ரெண்டங்குலம்."

என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலைவர் சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தையல் கொஞ்சம் கோணலா இருக்கும் தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "கையால போட்டது."

அந்தத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"தலைவரே, தீர்மானத்துல ஒரு சின்னத் திருத்தம்."

"சொல்லுங்க!"

"முதல் தீர்மானத்துல 'பெயர் தெரியாத'ங்கிற வார்த்தையை எடுத்துடணும். எடுத்துட்டு என் பேரைப் போட்டுக்கணும். அக்காவோட ரெண்டு மோட்டாரும், சட்டை தாமதமானதுக்குப் பள்ளிக்கூடத்துல பதில் சொல்ற வேலையும் அவர் பொறுப்புன்னு சேர்த்துக்கணும்."

யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடற்பயிற்சியில் இதற்கு ஒரு கட்டளை இல்லை போலும்.

"அப்ப… இந்த ரெண்டாவது தீர்மானம்? பாராட்டு? அதை அடிச்சுடலாமா?"

"அது இருக்கட்டும் தலைவரே," என்றார் அக்கா. "மனுவைத் தம்பி நல்லாத்தான் எழுதியிருந்தாரு. திருடனைப் பத்தி அவ்வளவு விவரமா வேற யாரால எழுதியிருக்க முடியும்?"