நாற்பது சமையலறை விளக்குகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்று விளக்கு எரிந்தது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். ஈசலைச் சொல்வார்கள், உருளைக்கிழங்கைச் சொல்வார்கள், அதிகாரியின் ரசத்தை நடித்தே காட்டுவார்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்த கையோடு திருவண்ணாமலையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வயது இருபத்துமூன்று. (எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லாத வயது.) கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போனால் ஒரு சமணர் ஊர். பரம்பரையாக நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள். நாற்பது வீடு, அவர்களுக்கென்று ஒரு பழைய கோயில். ஊருக்குள் கரன்ட் கம்பி இருந்தது. பொழுது சாய்ந்தால் கரன்ட்தான் இருக்காது.

என் திட்டம் இதுதான்: பகலில் சூரிய ஒளித் தகடுகள் தரும் மின்சாரத்தை ஓர் அறையில் பெரிய பேட்டரிகளில் சேர்த்து வைப்பது; இருட்டியதும் அதிலிருந்து வீட்டுக்கு ஒரு விளக்கு. வேங்கிக்கால் அரசு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, சரி என்று எழுதினால் பேட்டரி அறை கட்டலாம். எழுதாவிட்டால் தகடுகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

மூன்று மாதம் வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். காலை பஸ்ஸில் போய் மூன்று மணி பஸ்ஸில் திரும்புவேன். படிவம் எட்டுப் பக்கம். எத்தனை பல்பு, எத்தனை ஃபேன், ரேடியோ உண்டா, மாடு எத்தனை. (மாட்டுக்கு எதற்குக் கரன்ட் என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டம் இருந்தது, நிரப்பினேன்.) ஒவ்வொரு வீட்டிலும் என்னை "சாப்டீங்களா?" என்று கேட்டு மோர் கொடுத்தார்கள். பதிலுக்கு நான் ஒரு வீட்டிலும் அதைக் கேட்கவில்லை.

ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜினதாஸ் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "பேட்டரி ரூம்ல காத்து போகணும், ஜன்னல் தொறந்தே இருக்கணும்னு சொல்றீங்க. பூச்சி உள்ள வந்து ஆசிட்ல வுழுந்து செத்துடாதுங்களா?"

"வலை அடிச்சுடலாங்க" என்றேன் கம்பீரமாக. சமணர்களை எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று திரும்பும் வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு ஒரு விளக்கு. அதை எங்கே மாட்டுவது? இருட்டியதும் ஒரு வீட்டில் பெண்கள் எங்கே இருப்பார்கள்? அடுப்படியில்! ஆண்கள் திட்டம் போட்டால் இதெல்லாம் தோன்றுமா என்று அலுவலகத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நாற்பது வீடு, நாற்பது சமையலறை, நாற்பது விளக்கு.

அதிகாரி வரும் நாளன்று நான்கு பேட்டரிகளை வைத்து மாதிரிக்கு விளக்கெரித்துக் காட்டி, அந்த வெளிச்சத்திலேயே ஊருக்கு விருந்து போடுவதாக ஏற்பாடு. அழைப்பிதழில் "இரவு 7.30 மணிக்கு விருந்து" என்று கொட்டை எழுத்தில் அடித்தேன். அப்பா கல்யாணச் சமையல்காரர் என்பதால் சமையலும் கவலையில்லை.

"யாரு ஜனங்க? எத்தினி மணிக்கு பந்தி?" என்று கேட்டார் அப்பா. யார் சமையலுக்குக் கூப்பிட்டாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்பா. நூறு இலை. வெங்காய சாம்பார், உருளைக்கெழங்கு வறுவல், ரசம், பாயசம். டவுன்லயே சமைச்சு வேன்ல எடுத்தாந்துடு."

"ஜனங்க யாருன்னு கேட்டேன்."

"மனுஷங்கப்பா!" என்றேன்.

அன்று வேன் ஊருக்குள் வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கித் தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை.

"ஏம்மா, எல்லா ஊட்லயும் பாத்திரத்த கழுவி கவுத்துட்டாங்களே."

"நம்ம விருந்து இருக்குதுல்ல? அதான் சமைக்கல."

"அது சாப்ட்டு கழுவின பாத்திரம்மா. எனக்குத் தெரியாதா?"

ஒயர் முறுக்கிக்கொண்டிருந்த நான் காதில் வாங்கவில்லை. சுத்தமான ஊர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு மேல் அதிகாரி வந்தார். கோயிலுக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் ஊரே கூடிவிட்டது. பகலில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. சொல்லி வைத்தாற்போல் கரன்ட் போனது. நான் ஸ்விட்சைத் தட்டினேன். ஆறு குழல் விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. (எரிந்தன. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.) எல்லோரும் கை தட்டினார்கள்.

"எல்லாரும் பந்திக்கு வாங்க!" என்று கத்தினேன்.

அதிகாரி உட்கார்ந்தார். அவருடைய டிரைவர் உட்கார்ந்தார். வேறு ஒருவரும் அசையவில்லை. தொண்ணூற்றெட்டு இலைகள் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

ஜினதாஸின் மனைவி பத்மாவதி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "நாங்க பொழுது எறங்கறதுக்குள்ள சாப்ட்ருவோம்மா. ராத்திரில சாப்புடறதில்ல. கெழங்கு, வெங்காயமும் சேத்துக்கறதில்ல."

"பத்திரிகைல போட்டிருந்தேனே! யாருமே சொல்லலையேங்க!"

"ஆபீசருங்களுக்கு விருந்துன்னு நெனச்சோம்மா. பரிமாறறதுக்குன்னுதான் எல்லாரும் வந்துக்கறோம்."

அந்த நேரம் பார்த்து ஈசல் கிளம்பியது. மழை விட்ட இரவு; சுற்றிலும் கும்மிருட்டு. அந்த வட்டாரத்து ஈசல் அத்தனைக்கும் போக்கிடமாக என் ஆறு விளக்குகள்தான் இருந்தன. அதிகாரியின் சட்டைக்குள் போயின, வறுவலில் உட்கார்ந்தன. ரசத்தில் ரசமே தெரியவில்லை.

"இதுக்குத்தாம்மா நாங்க பொழுதோட சாப்ட்டுடறது" என்றார் பத்மாவதி. குத்தலே இல்லாமல் சொன்னார். குத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிகாரி எழுந்து சட்டையை உதறினார். "பொழுதோட அடுப்பையே அணைச்சுடற ஊர்ல நாப்பது கிச்சன் லைட்டா? நல்லா போட்டம்மா பிளானு! இந்த ஊருக்கு பேட்டரி ரூமே வேணாம். தகட்ட வேற ஊருக்கு மாத்திடலாம்."

நியாயமாக அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்தது. உண்மையில் அது என் மேல் வந்த கோபம். வெளியே வந்தபோது அவர் மேல் விழுந்தது.

"சார், தப்பு என்னுது. பேட்டரி என்னா தப்பு பண்ணுச்சு? சேத்து வச்ச கரன்ட்டுக்கு அடுப்படியும் தெரியாது, மாட்டுக் கொட்டாயும் தெரியாது. வெளக்க எங்க வேணா மாத்தி மாட்டலாம். சீக்கிரமா சாப்ட்டு முடிக்கிறவங்களுக்கு ராத்திரி நம்மளவிட நீளம் சார். வெளிச்சம் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி வேணும்!"

அவர் பதில் சொல்வதற்குள் பத்மாவதியின் பக்கம் திரும்பினேன். "சாப்ட்டப்பறம் என்னங்க பண்ணுவீங்க?" மூன்று மாதமாகக் கேட்காத கேள்வி.

"என்னா பண்றது? கரன்ட் இல்லன்னா படுக்கற வரிக்கும் இருட்டுல உக்காந்துனு இருப்போம்."

"கோயில் மண்டபத்துல நான் புராணம் படிப்பேங்க" என்றார் ஜினதாஸ். "சிம்னி வெளக்குல பாதி எழுத்து தெரியாது. மீதிய குத்துமதிப்பா ஓட்டினு இருக்கேன்." கூட்டத்தில் ஒருவர், "அதான் தெனம் கதை மாறுதா!" என்றார். ஊர் சிரித்தது. ஒருவர் மாட்டுக் கொட்டகை என்றார், ஒருவர் பிள்ளைகள் படிக்கிற இடம் என்றார். நான் அங்கேயே, ஈசலை ஊதித் தள்ளிக்கொண்டு, வீடு வீடாக 'சமையலறை' என்பதை அடித்து அடித்து எழுதினேன். "வெளக்குக்கு கண்ணாடி மூடி போட்ருங்க, பூச்சி சாகக் கூடாது" என்றார் ஜினதாஸ். அதையும் எழுதினேன்.

அதிகாரி காலரிலிருந்து ஓர் ஈசலை எடுத்து வெளியே விட்டார். பத்மாவதி பார்த்துக்கொண்டிருந்ததால் நசுக்கவில்லை என்று நினைக்கிறேன். "நாளைக்கு பத்து மணிக்கு புது கணக்கு என் டேபிள்ல இருக்கணும்" என்றார். ஒன்பதரைக்கே வைத்தேன். சரி என்று எழுதினார்.

சாப்பாட்டைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்தோம். அப்படியும் மிஞ்சிய உருளைக்கிழங்கை நாங்கள் இரண்டு நாள் தின்றோம். வேனிலேயே வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கியதும் அப்பா, "மனுஷங்கப்பா!" என்று என் குரலிலேயே ஒரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான், அது ஒட்டிக்கொண்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி அத்தை, "எப்படிப்பட்ட ஜனங்க?" என்று விசாரித்தபோது வீடே சேர்ந்து, "மனுஷங்கப்பா!" என்றது. இப்போது ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நான் சமையல் பட்டியல் போட்டால் என் மகள் அதையே சொல்கிறாள். அந்த ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால், "விருந்து மாலை 4.30" என்ற வரியின் கீழ் எனக்கு வரும் பத்திரிகையில் மட்டும் ஜினதாஸ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருப்பார்.

நானும் நாலரைக்கே போய்ச் சாப்பிடுகிறேன். பொழுது சாய்ந்து, கரன்ட் போய், கோயில் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஈசல் கதையை யாராவது ஆரம்பிப்பார்கள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் முகத்தில் பல் பல்லாகத் தெரிகிற அந்தச் சிரிப்பு என் பேட்டரி வெளிச்சத்தில்தான் தெரிகிறது.