பெட்டுல படுத்திருந்த ஆளு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில ஒரு நாள் பொண்டாட்டி கூட இருக்கணும். அதைக்கூட ஒழுங்கா செய்யத் துப்பில்லாத ஆளு நான்.

ரெண்டாயிரத்து அஞ்சுவாக்குல நடந்தது. அப்ப ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில கிளார்க்கா இருந்தேன். என் வூட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு மூட்டுவாதம். வெரல மடக்க முடியாது, தலை சீவ முடியாது. திருச்சி டாக்டர் ஒரு மருந்து எழுதிக் குடுத்தாரு. டிரிப்ஸ்ல ஏத்தணும். ஒரு தடவை ஏத்துனா என் ரெண்டு மாசச் சம்பளம் காலி.

அதான் ஆலையில எடுத்துக் குடுத்த இன்சூரன்ஸ் இருக்கேன்னு தெம்பா அரியலூர் ஆபீஸுக்குப் போனேன்.

"வெறும் மருந்துக்கெல்லாம் கிளைம் கெடையாதுங்க. இருபத்து நாலு மணி நேரம் அட்மிட் ஆகியிருக்கணும்."

"மூணு மணி நேரத்துல ஏறிடுமே சார்."

"அதுக்கு நாங்க என்ன செய்யிறது? மெதுவா ஏத்தச் சொல்லுங்க."

சரின்னு அட்மிட் ஆனோம். மதியத்துக்குள்ள மருந்து ஏறிடுச்சு. மிச்ச நேரம் பூரா ஸ்டெல்லா பெட்டுல கெடக்கணும். அவ்வளவுதான்.

சாயங்காலம் எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டூல்ல உக்காந்து பழக்கமில்ல பாருங்க.

"ஏங்க, செத்த நேரம் இதுல படுங்க. நான் போயி காபி வாங்கிட்டு வரேன்"னா ஸ்டெல்லா.

உனக்குக் கை வலிக்குமேன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டேன்.

கண்ணு முழிச்சா, எதிர்ல இன்சூரன்ஸ் ஆபீஸ்காரரு பைலோட நிக்கிறாரு. நெசமாவே அட்மிட் ஆயிருக்கமான்னு பாக்க வந்திருக்காரு.

அந்த நேரம் பாத்து ஸ்டெல்லா பிளாஸ்கோட உள்ள வந்தா. கையில டிரிப்ஸ் போட்ட பிளாஸ்திரி அப்படியே இருக்கு. அந்தக் கையாலயே எனக்குக் காபி ஊத்துறா.

"சார், நான் தொணைக்கு வந்தவன்"னேன், போர்வைக்குள்ளேர்ந்து.

"அப்ப பேஷண்ட் யாரு?"

"இவதான். கைய அசைக்கவே முடியாது சார்."

ஸ்டெல்லா அவருக்கும் ஒரு டம்ளர் ஊத்தி நீட்டுனா. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்ப மாட்டா அவ. அவரும் பொறுமையா குடிச்சாரு. குடிச்சிட்டு எழுதுனாரு: "நோயாளி வேலை செய்கிறார். கணவர் ஓய்வில் இருக்கிறார்."

கிளைம் தள்ளுபடி. ரெண்டு மாசச் சம்பளம் போச்சு. அதைவிட, பொய்யே இல்லாத அந்த ரெண்டு வரிதான் என்னைக் கொன்னுடுச்சு.

அடுத்த டிரிப்ஸுக்கு உஷாராயிட்டேன். ஸ்டெல்லாவ பெட்ட விட்டு எறங்க விடல. காபி நான் வாங்குனேன். இட்லி நான் பிச்சுக் குடுத்தேன். தலைகூட நானே சீவி விட்டேன், வகிடு கோணலா. அதே ஆளு வந்து பாத்துட்டு, கையெழுத்துப் போட்டாரு. கிளைம் கெடைச்சிடுச்சு.

மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ்ஸப் பாத்ததும் பழக்கதோஷத்துல பைய அவகிட்ட நீட்டுனேன்.

அவ வாங்கல.

"ஏங்க, இந்த இருபத்து நாலு மணி நேரத்த வருஷம் பூரா நீட்டிக்க ஏதாச்சும் பாலிசி இருக்கான்னு அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கேளுங்களேன்."