பத்துக்குப் பத்து

முதல் போர்டிலேயே மீட்டர் கையை விரித்துவிட்டது. பத்து ஓம் காட்ட வேண்டிய ரெசிஸ்டர் பதினைந்து காட்டியது. ஷாமிளா மறுபடி அளந்தாள்; அதே பதினைந்து.

வெளியே தெஹியோவிட்ட டவுனே மழையில் ஊறிக்கிடந்தது. உள்ளே, ஜவ்பர் முதலாளியின் டோர்ச் கடைப் பின்னறையில், அவள் முன்னால் ஒரு தட்டு. தட்டில் பத்து போர்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு, அது எரிந்து போகாமல் கரண்டை அடக்கி அனுப்ப ஒரு ரெசிஸ்டர்.

"ஒவ்வொண்டையும் அளந்து இந்தத் தாள்ல எழுதுங்க புள்ள. காலு கழண்டிருந்தா மட்டும் ஈயம் வைங்க. பொறகு பாத்துட்டு வேலையச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு முன்கடைக்குப் போயிருந்தார் முதலாளி.

இந்த வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு றப்பர் மலையில் பால் வெட்டப் போக வேண்டியதுதான். அட்டைக் கடியும் கங்காணியின் வாயும் சாகும்வரை. நினைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

தோட்டத்தில் பிறந்த எவளும் குறையை வெளியில் காட்டமாட்டாள். பால் நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம். அதனால் பக்கத்து வாளியில் கொஞ்சம் கடன் வாங்கி ஊற்றியாவது நிறையைச் சரிக்கட்டிவிடுவார்கள். அம்மாவிடம் ஷாமிளா கற்ற முதல் வித்தை அது.

ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சோல்டரிங் அயர்னை வைத்து அழுத்தினாள். ரெசிஸ்டர் கருகியது. மீட்டர் பேச்சையே நிறுத்திவிட்டது.

"என்னடி தீயிற வாட?" ப்ளேன்டீயோடு எட்டிப் பார்த்தாள் பஞ்சவர்ணம். கடையில் தேத்தண்ணி ஊற்றுபவள், ஷாமிளாவின் தோட்டத்துக்காரி.

"ஒன்னுமில்லக்கா. மழ வாட."

"மழ தீயுமாடி?"

டீயை வாங்கிக் குடித்து, பஞ்சவர்ணத்தை அனுப்பிவைத்தாள். மேசையில் கிடந்த டப்பாவிலிருந்து வேறொரு ரெசிஸ்டரை எடுத்துப் பற்றவைத்தாள். அது நூறு ஓம். பல்பு சாகக்கிடக்கிற மாதிரி மினுங்கியது. மற்றவற்றை அளந்தபோது ஏழாவது போர்டும் ஒன்பதாவதும் காலை வாரிவிட்டன.

மூன்று குறை! கூசாமல் இதை எழுதி நீட்ட அவளால் முடியுமா?

முதலாளி தொழப் போன நேரம். முன்கடைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து மூன்று புது டோர்ச்சுகளைத் தூக்கிவந்தாள். அவற்றின் வயிற்றைக் கழற்றி, நல்ல பத்து ஓம் ரெசிஸ்டர்களைப் பிடுங்கித் தன் போர்டுகளில் பொருத்தினாள். கூடுகளை மூடிப் பழையபடி அடுக்கினாள். தாளில் பத்து வரியும் அழகாக வந்தது.

முதலாளி திரும்பி வந்ததும் டோர்ச் வாங்க ஒரு வாடிக்கையாளரும் வந்துவிட்டார்.

"என்ன முதலாளி, இது எரியலியே?"

"இதப் பாருங்க."

"இதுவும் எரியல."

"அப்ப இது?"

"புதுசெல்லாம் செத்துக்கெடக்கே!" என்று குடையை விரித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார் அவர்.

பின்னறையில் ஷாமிளாவுக்கு எல்லாம் கேட்டது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். தாளை எடுத்துத் தட்டின் மேல் நேராக வைத்தாள்.

இருண்ட முகத்தோடு முதலாளி உள்ளே வந்தார். "முடிஞ்சா புள்ள?"

"முடிஞ்சிருச்சுங்க மொதலாளி. பத்தும் சரிங்க."

"பத்துமா?"

அவரே மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் பத்து ஓம். அவர் முகம் இன்னும் இருண்டது.

"போயிட்டு வாங்க புள்ள. இந்த வேல உங்களுக்குச் சரிவராது."

வாசலில் செருப்பை மாட்டும்போது அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "பத்துக்குப் பத்து அக்கா! இதுக்கு மேல அவருக்கு என்னதான் வேணுமாம்?"

பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி, கெட்டதக் கெட்டதுன்னு சொல்ற ஆள் வேணும்னு, மூணு கெட்ட போர்டத் தேடி எடுத்து அந்தத் தட்டுல வச்சதே அவருதாண்டி!"