செந்தமிழ்செல்வனின் காது

"இன்னிக்கு சத்தம் சரியில்ல அருளு. இன்னொரு தபா வெச்சிக் காட்டு."

கடலூர் முதுநகரில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த செந்தமிழ்செல்வன், ஏணியில் நின்றபடியே போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். மறுமுனையில் அவன் மனைவி அருள்மொழி, பிரசவத்துக்காகச் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள்.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது மாமா. ஒங்களுக்கு அங்க சிக்னல் இல்ல."

"எங்கிட்டயே சிக்னல் பத்திப் பேசுறியா?"

கேள்வி நியாயமானது என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். 'செந்தமிழ் சவுண்ட் சர்வீஸ்' என்று மினி லாரியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பவன் அவன். எந்தப் பெட்டியில் எந்த ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று தெருமுனையில் நின்றே காதால் கண்டுபிடித்துவிடுவான். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனசு வந்ததில்லை.

வளைகாப்பு முடிந்து அருள்மொழியை அனுப்பும்போது, அவள் பையில் ஒரு கருவியையும் வைத்து அனுப்பியிருந்தான். வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்குமாம். ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கியது. தினமும் காலையில் அவள் அதை வயிற்றில் வைத்துப் போனைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், இவன் கடலூரிலிருந்து கேட்பான் என்று ஏற்பாடு.

வீடியோவில் காட்டச் சொன்னபோது மாமியார் சௌந்தரம் பதறிப்போனாள்.

"வேணாம் மாப்ள. நெறமாச வயித்த போன்ல காட்டுனா கண்ணு பட்டுடும். காதால கேட்டுக்குங்க, போதும்."

வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டு, ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்து மகளை ஆளாக்கியவள் அவள். மாப்பிள்ளை வந்தால் நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். அப்படிப்பட்டவள் வாய்விட்டுச் சொன்னதைத் தட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் 'கடகடகடகட' என்று அந்தச் சத்தம் வந்தது. தினமும் அதைப் பதிவு செய்தான்; ஒன்றை ரிங்டோனாகவே வைத்துவிட்டான். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டால்கூடப் பிள்ளை கூப்பிடுகிறது என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் ஒன்று உண்டாகி, மூன்றாம் மாதமே தங்காமல் போய்விட்டது. அன்று அருள்மொழி அழுத சத்தம் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

இன்றைக்குப் போனில் அந்தக் கடகட இழுத்தது. கட... கட... கடக். பிறகு நின்றே போனது.

"நின்னுடுச்சு! அருளு, நின்னுடுச்சுடி!"

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுப்பு. அப்புறம் மாமியாரின் குரல்.

"ஒண்ணுமில்ல மாப்ள, புள்ள தூங்குது போல."

"புள்ள தூங்குனா இதயமுமா அத்த தூங்கும்?"

போன் துண்டிக்கப்பட்டது.

செந்தமிழ்செல்வன் ஏணியிலிருந்து இறங்கினானா விழுந்தானா என்பது அவனுக்கே தெரியாது. எழுந்தவுடன் நூற்றெட்டுக்கு போன் போட்டான்.

"பேஷண்ட் எங்க சார் இருக்காங்க?"

"சிதம்பரத்துல."

"நீங்க?"

"கடலூர்ல."

"அப்ப பேஷண்ட்டுக்கு என்னன்னு யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல. நான் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"சத்தத்த!"

எதிர்முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. விலாசம் வாங்கிக்கொண்டு, வண்டி வரும் என்றாள். வண்டி வருவதற்குள் யாராவது பார்த்தால் தேவலை என்று தோன்றியது. மாமியாரின் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளைக் கூப்பிட்டான்.

"யக்கா, ஓடிப்போயி அருள கொஞ்சம் பாருங்க. ஆனா பயப்படுத்திடாதீங்க. கமுக்கமா பாருங்க."

ரத்தினம்மாளுக்குக் கமுக்கம் என்பது பழக்கமில்லாத விஷயம். மார்பில் அடித்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் தெருவே பின்னால் ஓடியது.

இங்கே செந்தமிழ்செல்வன் மினி லாரியைக் கிளப்பினான். கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கழற்றக்கூட நேரமில்லை. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரி வழி விடாமல் முன்னால் ஆடிக்கொண்டு போனது. மைக்கை ஆன் செய்து, "அண்ண, அவசரம்ண்ண, ஒதுங்குங்க" என்றான். லாரி ஒதுங்கியது. மைக்கை அணைக்க மறந்தான். சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற ஒருவன் செய்யவே கூடாத தப்பு அது.

"மாரியாத்தா, எம் புள்ளய காப்பாத்திக் குடுத்துடு. நான் இனிமே கறி திங்க மாட்டேன்" என்று புதுச்சத்திரம் கடைத்தெருவே கேட்கும்படி வேண்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் பேரம் படியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, "சரி, மீனும் வேணாம்" என்றான். பிறகு குரல் உடைந்து, "அருள போன வாரம் திட்டுனது தப்புதான். கொழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

பி.முட்லூரில் பின்னாலேயே வந்து பக்கத்தில் ஒட்டிய பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். "தம்பி, மீன மட்டும் விட்டுடாத! கடலூர்க்காரனால அது முடியாது!"

அப்போதுதான் அவனுக்கு மைக் ஞாபகம் வந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லாமல் அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

சிதம்பரத்தில் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தெரு முழுக்கக் கூட்டம். ரத்தினம்மாள் ஒப்பாரிக்குத் தயாராகத் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். நடுவில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள் அருள்மொழி.

"மானமே போவுது மாமா! எனக்கு ஒண்ணுமில்ல. நான் எங்கயும் வரல."

"எங் காது பொய் சொல்லாதுடி!"

அருள்மொழி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்த சௌந்தரம், கூட்டத்தையும் மாப்பிள்ளையின் சிவந்த கண்ணையும் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஏறுடி. இத்தன பேரு கூடுன பெறவு ஏறாம இருந்தா நல்லா இருக்காது" என்று மகளை எழுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாலதி விஷயத்தைக் கேட்டதும் சிடுசிடுத்தார். "வீட்ல மெஷின வெச்சிக் கேட்டு நீங்களா முடிவு பண்ணாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? எங்க அந்த மெஷினு?"

"வீட்ல இருக்குதும்மா" என்றாள் சௌந்தரம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"அத விடுங்க. நீ சொல்லும்மா. புள்ள நல்லா அசையுதா?"

அருள்மொழி பதில் சொல்ல வாயைத் திறந்து, நிறுத்தினாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து... கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது டாக்டர். தூங்குதுன்னு நெனச்சிட்டேன்."

டாக்டரின் முகம் மாறியது. "அசைவு கொறஞ்சா ஒடனே வரணும்மா. அதுக்குக் காத்திருக்கக் கூடாது."

வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, ஒரு மெஷினோடு இணைத்தார்கள். பேப்பரில் கோடு ஓடத் தொடங்கியது. மெஷினிலிருந்து 'டுப்டுப்டுப்' என்று சத்தம் வந்தது. கதவோரம் நின்ற செந்தமிழ்செல்வன் தலையை நீட்டினான்.

"சிஸ்டர், ஒங்க மெஷினு ரிப்பேரு. எம் புள்ள சவுண்டு இப்பிடி இருக்காது."

"சார், வெளிய உக்காருங்க."

வெளியே உட்கார்ந்தும் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது தளர்ந்தது. மறுபடி ஏறியது. மறுபடி தளர்ந்தது. இந்த முறை அவன் காதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

டாக்டர் வேகமாக வெளியே வந்தார். "துடிப்பு எறங்கி எறங்கி ஏறுது. கொடி சுத்தியிருக்கலாம். இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம்."

தியேட்டர் கதவு மூடியது. ஊரையே இரைச்சலில் நிறுத்துகிறவனுக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டான். வழக்கமாக இரண்டடி தள்ளி நிற்கும் சௌந்தரம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு உள்ளேயிருந்து ஓர் அழுகை வந்தது. கீச்சென்று, எந்த அளவிலும் சேராமல், காதைக் கிழிக்கிற அழுகை. அதைவிட நல்ல சவுண்டை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

"பொண்ணு. கழுத்துல ரெண்டு சுத்து கொடி இருந்துச்சு. இன்னும் தாமதமாயிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்" என்றார் டாக்டர். "யாரு கூட்டிக்கிட்டு வந்தது?"

எல்லோர் கையும் செந்தமிழ்செல்வனைக் காட்டியது.

அதன்பின் அவனைப் பிடிக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் குழந்தையைப் பார்த்த கையோடு அவன் காதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். "கடலூர்லேர்ந்து சிதம்பரத்துல துடிப்பு கொறஞ்சத கேட்டுட்டாருப்பா" என்று ரத்தினம்மாள் நாலு தெருவுக்குச் சொன்னாள். அந்தக் கருவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவன் கேட்டபோது, சௌந்தரத்துக்கு இருமல் வந்து உள்ளே போய்விட்டாள்.

பேர் வைக்கும் விசேஷம் சிதம்பரத்திலேயே நடந்தது. குழந்தைக்குத் தமிழினி என்று பெயர். செந்தமிழ்செல்வன் தெரு நீளத்துக்குப் பெட்டி அடுக்கினான்.

"வேணாம் மாமா. அந்த சத்தத்தையெல்லாம் போடாதீங்க, கண்ணு பட்டுடும்" என்று அருள்மொழி கெஞ்சினாள். கணவனின் பெருமை ஊருக்குத் தெரிவதில் அவளுக்கு இவ்வளவு கூச்சமா என்று அவனுக்கு நெகிழ்ந்துபோனது. மைக்கைப் பிடித்தான்.

"மொதல்ல, எம் பொண்ணு வயித்துல நல்லா இருந்தப்ப ரெக்கார்டு பண்ணது."

'கடகடகடகட' என்று தெரு அதிர்ந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப, அந்த அன்னிக்குக் காலைல கேட்டது."

கட... கட... கடக். ரத்தினம்மாள் மூக்கைச் சிந்தினாள். செந்தமிழ்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆன் செய்த மைக்கைக் கையில் பிடித்தபடியே தலைகுனிந்து நின்றான்.

அப்போதுதான் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தார் ஆண்டி. அந்தத் தெரு தையல் மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் ரிப்பேர்காரர். நேராகச் சௌந்தரத்திடம் வந்து, மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாப் பெட்டியிலும் கேட்கும்படி அங்கலாய்த்தார்.

"யக்கா, பெல்ட்டு புதுசா மாத்திக் குடுத்து ஒரு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள மறுபடி இழுக்குதே! துணி வெக்காம, போன பக்கத்துல வெச்சிக்கிட்டு, வெறும் மெஷின ஓட்டாதீங்கன்னு எத்தினி தபா சொல்றது?"