பாரம் ஏறினால் வேகம் குறையும்

இனி இந்த வீட்டில் நான் ஓடமாட்டேன். நடப்பேன். போன வியாழக்கிழமை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் வீட்டில் ஞானாம்பிகை இருக்கிறா.

முப்பது வருசம் லொறி ஓட்டினவன் நான். லொறிக்குக்கூட ஓய்வு உண்டு, ஞானாம்பிகையின் புருசனுக்கு இல்லை. அரிசி மூட்டையை இறக்கச் சொல்லுவா. மூச்சு வாங்க முதல் கறிவேப்பிலை கேட்பா. அதைக் கொடுக்க முதல் தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதோ என்று எட்டிப் பார்க்கச் சொல்லுவா. சனிக்கிழமை மூன்று மணிக்கோ வாசிகசாலையில் முந்நூற்றுநாலு ஆட்டம். சீட்டுப் போட்டியின் அரையிறுதி. குருநகர் கிறிஸ்ரோபரும் நானும் ஒரு சோடி. ஐந்து வருசமாக ஆடி, இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தரம். அதற்குள் களைத்து விழுந்தால் எல்லாம் போச்சு.

வழி காட்டினது மகள் சுபாஜினி. வீட்டில் இருந்தபடி கலியாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். அன்றைக்கு அவளுடைய கொம்பியூட்டர் ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கிற கிழவனைப்போல மூச்சு விட்டது. பழுதோ என்று கேட்டேன். இல்லையாம். உள்ளே புரொசசர் என்று ஒன்று, செக்கனுக்கு நானூறு கோடி தரம் துடிக்குமாம். சின்ன வேலை என்றால் ஒரு கட்டளைக்கு ஒரு கணக்கு. வீடியோ என்றால் ஒரே கட்டளையில் எட்டு, பதினாறு எண்ணை வரிசையாக நிறுத்தி ஒரே அடியாகப் பெருக்குமாம். அப்போது மின்சாரம் கூட இழுக்கும், சூடு ஏறும். கருகிப் போகாமல் இருக்கத் துடிப்பை முந்நூறு கோடிக்குத் தானே இறக்கிக்கொள்ளுமாம்.

"கல்லு ஏத்தின லொறியை ஏற்றத்திலை நாலாம் கியரிலை விடலாமோ? அதுதானே?" என்றேன்.

"ஓம் அப்பா. பாரம் முடிஞ்ச உடனையும் வேகம் ஏத்தாது. கொஞ்சம் பொறுத்துத்தான். அதுக்குள்ளை வாற சின்ன வேலையும் மெல்லத்தான் நடக்கும்."

தன்னிடம் இருப்பது பழசு, புதிதாக வருகிறவை இவ்வளவு மந்தம் இல்லை என்றும் சொன்னாள். எனக்குப் பழசே போதும். கொஞ்சம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கண் இமைக்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்காம். அந்தத் துண்டை மட்டும் நான் காதில் விழுத்தவில்லை.

பின்னேரம் மூட்டை வந்தது. இறக்கினேன். கதிரையில் சாய்ந்தேன். கறிவேப்பிலை கேட்டு ஞானாம்பிகை வந்தா.

"இஞ்சாரும், நான் இப்பத்தான் பாரம் இறக்கினனான். உடனை வேகம் ஏத்தக்கூடாது. கொம்பியூட்டரே ஏத்தாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒரு மணித்தியாலம்."

"மெய்யே?"

"படிச்ச பிள்ளை சொன்னது."

மறு பேச்சில்லை. தானே போய்ப் பிடுங்கினா. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வருசத்தில் அவ பேசாமல் போன ஒவ்வொரு தரமும் காயம் எனக்குத்தான். வெள்ளிக்கிழமையும் இதே ஆட்டம். உட்காரும் மர வாங்கை நகர்த்தினேன், ஒரு மணித்தியாலம் சாய்ந்தேன். சீனிக்குப் போகச் சொன்னா, ஆமை வேகத்தில் போனேன். கிறிஸ்ரோபருக்கு ஃபோன் எடுத்து, வீட்டை என் கைக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று புளுகினேன்.

சனி விடிந்தது. குசினி வாசலில் இரண்டு மூட்டை. தண்ணீர்த் தாங்கி கழுவத் தும்புத்தடி. அறை மாற வேண்டிய அலுமாரி. துருவுகிற திருவலைக்குப் பக்கத்தில், நாளைக்குக் கோயில் அன்னதானத்துக்கென்று பன்னிரண்டு தேங்காய்.

"நானும் பிள்ளையிட்டைக் கேட்டனான்" என்றா ஞானாம்பிகை. "பாரமான வேலையை இடைக்கிடை தூவினால் சின்ன வேலையும் சேர்ந்து மந்தமாகுமாம். விபரம் தெரிஞ்சவை பாரத்தையெல்லாம் ஒண்டாச் சேர்த்து ஒரேயடியாய்க் குடுப்பினமாம்."

"ஒரு நாளிலையோ? எனக்கு வேகம் குறையுமே."

"குறையட்டும். ஒரு அடியிலை எட்டு வேலை நடக்கிறதாலை, கூட்டிப் பார்த்தால் கெதியாத்தான் முடியுமாம். நானும் இனி ஒரு சொல்லுத்தான் சொல்லுவன். திருவுங்கோ. அது பன்னிரண்டுக்கும் சேர்த்து."

மூன்று மணிக்கு ஆட்டம் என்று இழுத்தேன். தெரியும் என்றா. அவ்வளவுதான்.

மூட்டை தூக்கினேன். தாங்கிக்குள் இறங்கினேன். அலுமாரி என்னைத் தள்ளினது பாதி, நான் அதைத் தள்ளினது பாதி. இரண்டரைக்கு ஞானாம்பிகை தலை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்து வெளிக்கிட்டா. சின்ன வேலையெல்லாம் காலையிலேயே முடித்துவிட்டாவாம். கோயிலுக்காக்கும் என்று நினைத்தேன். முழு வேகத்தில் போனா. பன்னிரண்டு தேங்காயையும் முடிக்காமல் வெளிக்கிட எனக்குத் துணிவில்லை.

நாலரை மணி. ஏழாவது தேங்காய். ஃபோன் அடித்தது. கிறிஸ்ரோபர். நான் முந்திக்கொண்டு, இப்போது வெளிக்கிடுகிறேன், எப்படியாவது ஆட்டத்தைப் பிற்போடச் சொல் என்று கெஞ்சினேன். மனுசன் சிரித்தான்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் வேலையாம் எண்டு அக்கா வந்து உங்கடை கதிரையிலை இருந்தவ. அவவுக்குக் காட்ஸ் தெரியுமெண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே நீங்கள். அரையிறுதி வெண்டிட்டம்."

எனக்கே தெரியாதடா என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஃபோன் கை மாறியது.

"இஞ்சாருங்கோ, அந்தரப்படாமல் ஆறுதலாய்த் திருவுங்கோ. இறுதியாட்டம் வாற சனிக்கிழமைதான்."